சாத்தூர்க் கிணற்றிலிருந்து தாயில்பட்டி வேப்பமரம் வரை

காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். சாத்தூருக்கு எழுபது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். நாலுவழிச் சாலைக்குத் தோண்டிப் போட்ட புழுதியெல்லாம் என் சட்டைக்குத்தான் வந்து சேர்ந்தது.

நான் பார்க்கப் போனது முருகேசனை. நாலு கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், ஒரே போட்டியில்! இதையே பிழைப்பாக வைத்திருக்கிறார் மனுஷன். விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதும் நானோ மாடிப்படி ஏறினாலே நாக்குத் தள்ளுகிறவன்.

ஏழரைக்கு அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். நீச்சல்குளம் எங்கே என்றால் கிணற்றைக் காட்டினார்கள். அதற்குள் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தார், செக்குமாடு மாதிரி. பார்த்த எனக்குத் தலை சுற்றியது. மேலே வந்தவரின் கால்விரல்களில் பாதிக்கு நகமே இல்லை.

"நகமெல்லாம் எங்கய்யா?"

"போன போட்டியில போயிருச்சுண்ணே. சைக்கிள விட்டு எறங்குனா கால் இருக்கா இல்லையான்னே தெரியாது."

வயது முப்பத்திரண்டு. அடுத்த மாத மலேசியாப் போட்டியில் முதல் பத்துக்குள் வராவிட்டால் விவசாயத்துக்குத் திரும்ப வேண்டும், இது அப்பாவின் கெடு. விமான டிக்கெட்டுக்குப் பொறுப்பேற்றவர் காதர் பாய், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். அவருக்கு ஒரே ஆசை. முருகேசன் போட்டி உடுப்போடு சைக்கிளில் கம்பெனிக்கு வர வேண்டும், வேலையாட்கள் பார்க்க வேண்டும்.

பதினொன்றுக்கு ஆட்டோவில் அங்கே போய்ச் சேர்ந்தேன். வாசலில் செருப்பு, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே யாரானாலும் வெறுங்கால்தான்.

"சாப்பிட்டீகளா? இருங்க, நம்ம பய வந்துருவான்" என்றார் பாய், மாப்பிள்ளையை எதிர்பார்க்கும் மாமனார் மாதிரி.

பன்னிரண்டுக்கு வந்தார், நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு. நடந்து வருபவர்களை நிறுத்தும் காவல்காரர் சைக்கிளுக்குக் கேட்டை விரியத் திறந்துவிட்டார். முருகேசன் நேரே வெடிமருந்து கலக்கும் அறைக்கு முன்னால் போய் இறங்கினார். சிமெண்டுத் தரையில் டக், டக் என்று சத்தம். பெடலில் மாட்டுவதற்காக அவர் போட்டிருந்த ஷூவுக்கு அடியில் இரும்புத் தகடு திருகியிருக்கும்.

"ஏலே, நில்லுலே! அசையாத!"

பாயின் குரலா அது! அடுத்த நொடி எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் பாய்ந்து ஓடினார்கள். யாரும் கத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நான் கண் சிமிட்டுவதற்குள் எல்லோரும் வேலியோரத்து வேப்பமரத்தடியில் இருந்தார்கள். எனக்குக் கால் நகரவே இல்லை. மருந்துத் தூள் சிந்திய தரையில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதுமாம். பாயே வாளித் தண்ணீரை எடுத்துப்போய் முருகேசனின் கால்களைச் சுற்றி ஊற்றினார், குனிந்து ஷூவைக் கழற்றினார்.

முருகேசன் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர். இந்தத் தரையில் எத்தனையோ தடவை வெறுங்காலோடு நடந்தவர். "கால்ல ஷூ கெடக்குறதே தெரியல பாய்" என்றார். அழுதுவிட்டார்.

மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டார்: "எம்புட்டு தூரம்யா ஓடுவீக?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்க்கா."

"நாங்க அந்தக் கதவுலருந்து இந்த மரம் வரைக்குந்தான். அதுக்கே உசுரு போகுது."

முருகேசன் சைக்கிளை எடுக்கப் போனார்.

"டிக்கெட் போட்டாச்சு. போய்ச் செயிச்சுட்டு வா" என்றார் பாய், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஆனா இனி இந்தக் கேட்டுக்குள்ள வராத."

ஷூவைக் கேட்கவில்லை முருகேசன். வெறுங்காலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே போனார்.

மாலை நாலுக்குத் திரும்ப மதுரை பஸ். வீடு வந்து சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் அறையிலிருந்து தெருவாசல் வரை ஓடிப் பார்த்தேன். வழியில் நாற்காலி, செருப்பு ஸ்டாண்ட், உள்பக்கம் பூட்டிய கதவு. சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன்.