ஏரியில் இன்னொரு பரிசல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவன்தான், சாமி உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கிரிவலப் பாதையில் வெள்ளையாக ஒரு உருவம் கூடவே நடந்து வந்தது என்கிற கதைகளை ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்நேரம் டீக்கடையில் இருந்திருப்பேன்.

முதலில் ஜாபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைக் சீட் கவர் தைக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம் அவனுடையது. அவன் மாமா ஊருக்கு வெளியே ஒரு ஏரியை மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், அவருடைய பரிசல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு. அந்த ஏரிக்கே அந்த ஒரு பரிசல்தான். ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால்தான் ஆடாமல் நிற்கும், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. தூண்டில் போட்டால் ஜாபருக்குத்தான் மாட்டும். ஒரே மைதா உருண்டை, ஒரே தண்ணீர், அவனுக்குக் கெண்டை வரும், எனக்கு ஆகாயத்தாமரை வேர் வரும். வயிறு எரியும், இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் கடிக்கிற மாதிரி இருந்தால் பரிசல் விளிம்பில் விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டுவான். 'வாயை மூடு' என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகிறார் என்றால் பெஞ்சில் தட்டுவோமே, அதே தட்டு. எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

மீனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பிரவீன். சென்னையிலிருந்து வந்து ரமணாசிரமம் பக்கம் காபிக் கடை திறந்திருக்கிற பையன். சீட் கவர் தைக்க வந்தவன், அப்படியே ஜாபரோடு ஒட்டிக்கொண்டான். சக்கரம் வைத்த வெளிநாட்டுத் தூண்டில் வைத்திருக்கிறான். ரெண்டு வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போய்விட்டது. என் இடத்தில் அவன் உட்காருகிறான் என்று நினைத்தாலே எனக்கு ஜெராக்ஸ் கோணலாக விழும்.

அந்த வாரம் ஜாபர் போன் பண்ணினான்.

"பிரவீனுக்கு ஜுரமாம்டா. நீ வர்றியா?"

அவன் வராததால் நான். தெரிந்தேதான் போனேன். மார்கழிப் பனி ஆரம்பித்திருந்தது, மழை பெய்து ஏரி ரொம்பியிருந்தது. அஞ்சு மணிக்கே கரையெல்லாம் மங்கல். நடு ஏரிக்குப் போனதும் ஜாபர் கேட்டான்.

"இன்னாடா உம்முனு வர்ற?"

"பிரவீன்னா ஜாஸ்தி பேசுவானா?"

"ஆரம்பிச்சிட்டியா நீ" என்று சொல்லிவிட்டு ஜாபர் தூண்டிலைப் போட்டான். அன்றைக்கு அவனுக்கும் ஒன்றும் மாட்டவில்லை. ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை தீபம் ஏற்றினால் பதினோரு நாளைக்கு மலை உச்சியில் எரியுமே, அந்த நாட்களில் சாயங்காலம் ஜாபர் துடுப்பை ஒரு இழுப்பு இழுத்துப் பரிசலைச் சுற்றி, என்னை மலையைப் பார்க்க வைப்பான். நான் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் தூண்டிலைத் தொடமாட்டான். அவனுக்கு மலை முதுகுப்பக்கம் போய்விடும், என் பின்னால் இருக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கும் இருட்ட ஆரம்பித்ததும் சுற்றினான். நானும் கையைக் கூப்பி நிமிர்ந்தேன். மலை வெறும் கருப்பாக நின்றது.

"டேய், தீபம் நேத்தோட முடிஞ்சிடுச்சிடா."

"அட ஆமால்ல! கைப் பழக்கம்டா" என்றான்.

ரெண்டு பேரும் சிரித்திருக்க வேண்டும், அதற்குள் என் முதுகுக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே, ரெண்டு தட்டு கேட்டது. பரிசல் விளிம்பில் விரல் முட்டியால் தட்டுகிற அதே சத்தம்.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எங்கள் தட்டை இந்தப் பாவி ஜாபர் பிரவீனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டானே என்கிற ஆத்திரம்தான் வந்தது. ஜுரம் என்பது பொய், பிரவீன் எங்கேயோ ஒரு பரிசலைப் பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "இதையும் அவனுக்குக் காட்டிட்டியா?" என்று கேட்டேன். ஜாபர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

அப்புறம் சிரிப்புச் சத்தம் வந்தது. ரெண்டு பேர், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதில் ஒன்று ஜாபருடையது. அவன் சிரிப்பு கடைசியில் ஒரு விக்கலோடுதான் முடியும், ஊரில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. எனக்கு எதிரே இருந்த ஜாபரின் வாய் மூடியிருந்தது.

"திரும்பாதடா" என்று என் முழங்காலை இறுக்கிப் பிடித்தான். "அல்லா மேல சத்தியமா சொல்றேன், திரும்பாத."

எதிரொலி என்பீர்கள். நாங்கள் தட்டவே இல்லை, சிரிக்கவும் இல்லை, அப்புறம் எதிரொலி எங்கிருந்து வரும்? இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, பின்னால் இருப்பது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், ஜாபர் என்னோடு இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. யாரோடு சிரிக்கிறான்? மீனும் அவனுக்குத்தான், இதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததும் அவனுக்குத்தானா? அவன் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினேன். பரிசல் ஒரு ஆட்டம் ஆடியது. பின்னால் பனியும் தண்ணீரும்தான் இருந்தன. தண்ணீரில் மட்டும், இப்போதுதான் துடுப்புப் போட்டுப் போன மாதிரி வட்டம் வட்டமாக விரிந்துகொண்டிருந்தது.

கரைக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"இன்னா பார்த்த?"

"இன்னொரு பரிசல். அதுல நான் இருந்தேன்."

"எதிர்ல?"

டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்துக் கீழே போட்டான். "நீதாண்டா. வேற யாரு" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பயம் போகவில்லை, ஆனாலும் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்கே திரும்பி வந்துவிட்டது. பிரவீனைக் கூப்பிடுவதே இல்லை. நானும் அதோடு விட்டிருக்கலாம். அக்கா பெண்ணின் பிறந்தநாள் வீடியோவில் நான் பலமாகச் சிரிக்கிற இடம் ஒன்று வந்தது. திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஏரியில் ஜாபரோடு கேட்ட இன்னொரு சிரிப்பு என்னுடையது இல்லை. மறுநாளே பிரவீன் கடைக்குப் போய், விலை ஜாஸ்தி காபியைக் குடித்து, இருக்கிற ஜோக்கெல்லாம் சொல்லி அவனையும் சிரிக்கவைத்துக் கேட்டேன். அவனுடையதும் இல்லை.

ஜாபரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது தீபம் இருக்கிறதோ இல்லையோ, இருட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொரு வாரமும் பரிசலைச் சுற்றி என்னை மலையைப் பார்க்க வைக்கிறான். நான் கும்பிடுகிற சாக்கில் அவன் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவன் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பான். போன வாரம் லேசாகச் சிரித்தான். என்னைப் பார்த்து இல்லை.