மருந்து குடிக்காத கிடா

பிள்ளைகளா, சாமிக்கு நேர்ந்த கிடாவை ஏன் ஒரு கொடைத் திருவிழா தள்ளிக் கொடுத்தோம் என்று கேட்டீர்களே, அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்களில் மூத்தவள் காய்ச்சலில் கிடந்தபோது உங்கள் அம்மா நேர்ந்துவிட்ட குட்டி அது. சாமிக்கு விட்டதன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மற்ற செம்மறிகளுக்கெல்லாம் பூச்சி மருந்து ஊற்றுவேன். அதற்கு மட்டும் கிடையாது.

அந்த வருடம் மழை விடவே இல்லை. ஆடுகள் கால்வாய்க் கரையின் ஈரப் புல்லிலேயே மேய்ந்தன. மருந்து ஊற்றியும் ஒவ்வொன்றாகத் தாடை வீங்கிச் சோர்ந்தன. இனத்துக்கு விட்டிருந்த பெரிய கிடாவும் செத்துப்போனது. கால்நடை மருத்துவர் வந்து ஆட்டின் கீழிமையை இழுத்துக் காட்டினார். வயிற்றுப் புழு இரத்தத்தைக் குடித்தால் இமையின் உள்பக்கம் வெளுத்துவிடுமாம். எல்லாம் கஞ்சித் தண்ணீர் போல இருந்தன. நேர்ந்த கிடாவுக்கு மட்டும் நல்ல சிவப்பு.

“இதுக்கு என்ன மருந்து கொடுத்திய?”

“ஒண்ணும் கொடுக்கலை சார்.”

“அப்ப இது உடம்பே புழுவை எதிர்த்து நிக்குது. கம்பளி இல்லாத நம்ம பக்கத்துச் செம்மறியில சிலதுக்கு அந்தச் சக்தி உண்டு. குட்டிக்கும் இறங்கும். பழைய மருந்துக்குப் புழு பழகிப்போச்சு, வேற தரேன். எல்லாத்துக்கும் மருந்தை ஊத்திட்டா எது தாங்கும்னு எப்படித் தெரியும்? இதை இனத்துக்கு விடுங்க.”

கிடாவைப் பலி கொடுக்க வேண்டிய கொடை நெருங்கிவிட்டது. கிடாவோ அப்போதுதான் பருவத்துக்கு வந்திருந்தது.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. “சாமிக்குச் சொன்னதை மாத்துவியளோ? புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?”

எனக்கும் பயம்தான். ஆனால் அந்தக் கிடா போனால் அடுத்த மழைக்கு மந்தையே மிஞ்சாது. நம் வீட்டுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

கோயிலில் சாமியாடும் அண்ணாச்சியிடம் இருவரும் போனோம். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தர மாட்டேன்னா சொல்லுதீரு? ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுதீரு, அவ்வளவுதானவே. சாமிக்கு என்ன, பஸ்ஸுக்கா நேரமாவுது? பீடத்துக்கு முன்ன நின்னு கேளும்.”

“நானே கேக்கேன்” என்றாள் அம்மா.

அவள்தான் கேட்டாள். வந்து மூத்தவள் நெற்றியில் திருநீறு பூசினாள். அந்த வருடம் முழுக்க மூத்தவள் தும்மினால்கூட அம்மா என்னைத்தான் பார்ப்பாள்.

அடுத்த கொடையில் கிடாவைக் கொடுத்தோம். நீங்கள் எல்லோரும் பந்தியில் இருந்தபோது நான் மட்டும் பட்டிக்கு வந்தேன். அதன் குட்டிகளின் கீழிமையை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்று வெளுத்திருந்தது. அதைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, அதன் வாயில் மட்டும் மருந்தை ஊற்றினேன்.