செல்வராணி சேர்த்த பத்தொன்பது பில்கள்

செல்வராணியின் மகள் தீபா அழைத்தபோது நான் லேத்தில் ஓர் இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தேன். இயந்திரத்தை நிறுத்தாமலேயே கைப்பேசியைக் காதில் வைத்தேன்.

"மாமா, அம்மா போய்ட்டாங்க மாமா. டீ கேட்டாங்க. போட்டு எடுத்துக்கினு வர்றதுக்குள்ள..." என்றாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. திரும்பிப் பார்த்தபோது தண்டு அளவு தப்பி வீணாகியிருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டுக் காத்திவாக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

திருவொற்றியூரில் எங்கள் சந்துக்காரர்களுக்குச் செல்வராணியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பட்டறைக்கும் அவர் கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர். இரும்புக் கதவு, சன்னல் கம்பி, மின்விசிறி உறுப்பு என்று எது வந்தாலும் அதன்மேல் வண்ணப் பொடியைத் தூவி, ஓர் அறை அளவுள்ள அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார். பொடி உருகிப் பிடித்துக்கொள்ளும். 'பவுடர் கோட்டிங்' என்று அதற்குப் பெயர். அடுப்புக்கு எரிவாயு, மற்ற இயந்திரங்களுக்கு மின்சாரம். அவருடைய அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள். கணவர் இறந்தபோது, அவர் நடத்திவந்த அந்தக் கொட்டகையை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். செல்வராணி விற்கவில்லை. நாலே மாதத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு, நான்கு பெண்களை வைத்து நடத்தத் தொடங்கினார்.

மின்கட்டணம் ஏறிய புதிதில் ஒருநாள் தன் பில்லை எடுத்துக்கொண்டு என் பட்டறைக்குள் வந்தார். மேசைமேல் அதை விரித்து வைத்தார்.

"எனக்கு இவ்ளோ வந்துகீது. உனக்கு எவ்ளோண்ணா?"

நான் என் பில்லை இழுப்பறைக்குள் தள்ளினேன். எங்கள் சந்தில் பில்லை யாரும் யாருக்கும் காட்ட மாட்டோம். தொழில் தள்ளாடுகிறது என்று வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

"மறைச்சு வெச்சா கொறைஞ்சிடுமா? அவன் அவன் தனியா அழுதுகினு கீறான். ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தான இன்னா நடக்குதுன்னு புரியும்?" என்றார்.

அப்படித்தான் ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் முதலில் தன் பில்லைக் காட்டினார். ரஸ்க் சுடும் ரஃபீக் பாய், எப்போதோ விற்றுவிட்ட ஓர் இயந்திரத்துக்கும் சேர்த்து ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்தை மாதாமாதம் கட்டிவந்ததைக் கண்டுபிடித்தவர் செல்வராணிதான். அவரை அழைத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து, அந்த மின் இணைப்பின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். பாய் ஒரு பை நிறைய ரஸ்க் கொண்டுவந்தார். செல்வராணி அதை அங்கேயே பிரித்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

எரிவாயு சிலிண்டர் விலை ஏறியபோது, இரண்டு தெரு தள்ளி இதே தொழில் செய்யும் போட்டிக்காரரிடமே போனார். "உன் ஓவன் பாதி காலி, என் ஓவனும் பாதி காலி. வெறும் காத்த வேக வெச்சு இன்னா புண்ணியம்?" என்று கேட்டார். அதன்பிறகு அவர்கள் இருவரும் சரக்கை ஒன்றாகச் சேர்த்து, முறைவைத்து ஒரே அடுப்பை மூட்டினார்கள். அந்த யோசனை எனக்கு ஒருநாளும் வந்திருக்காது. வந்திருந்தாலும் போட்டிக்காரர் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

பிறகு கட்டணம் மறுபடி உயரப்போவதாகச் செய்தி வந்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். செல்வராணி பத்தொன்பது கொட்டகைகளின் பில்களைத் திரட்டி என்னிடம் கொடுத்தார். "நீ நல்லா எழுதுவ. மனு எழுது, எல்லாத்தையும் ஒரே அட்டவணையா போடு. நான் பேசறேன், அவுங்க கேள்வி கேட்டா நீ எட்த்து சொல்லு" என்றார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மனுவை முதல்நாளே அவரிடம் கொடுத்தேன். அட்டவணையில் கடைசியாக ஒருமுறை கூட்டல் சரிபார்க்க வேண்டியிருந்ததால் அதை நான் கொண்டுவருவதாகச் சொன்னேன்.

நான் போகவில்லை.

காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சமயத்தில் என் பட்டறையில் அனுமதி வாங்கிய மின் அளவுக்கு மேல் ஒரு துளையிடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் முன் எழுந்து பேசினால் என் பெயரைக் குறித்துக்கொண்டு சோதனைக்கு வந்துவிடுவார்களோ என்று பயந்தேன். காலையில் சட்டை மாட்டி, செருப்பும் போட்டு, வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். காய்ச்சல் என்று ரஃபீக் பாய்க்குத் தகவல் அனுப்பினேன். அவர் அதைக் கூட்டம் முடிந்த பிறகுதான் பார்த்தார்.

அங்கே நடந்ததை அவர்தான் வந்து சொன்னார். செல்வராணி ஒலிவாங்கி முன் நின்று என் மனுவைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். என் இலக்கணத் தமிழ் அவர் நாக்கில் சிக்கியிருக்கிறது. இரண்டு வரியில் தாளை மடித்துவிட்டுத் தன் போக்கில் பேசியிருக்கிறார்.

"ஐயா, நான் கொட்டாய மூடி வெச்ச மாசம்கூட பில்லு வருது. சாய்ந்தரம் மெஷினு போட்டா, எல்லாரும் கரண்டு போடற நேரம், பீக் அவர்னு கூட துட்டு கேக்கறீங்க. பெரிய கம்பெனி ராத்திரில ஓட்டிக்கும். என்கிட்ட வேல செய்றது நாலு பொம்பளைங்க. அவுங்கள ராத்திரில வான்னு நான் எப்டிய்யா கூப்புடுவேன்?"

மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்: "உங்க கஷ்டம் புரியுதும்மா. மத்தவங்களுக்கும் இப்படித்தான்னு காட்ட விவரம் ஏதாவது இருக்கா?"

செல்வராணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார். "கீதுங்கய்யா. எங்க அண்ணன் எட்த்துகினு வந்துகினு கீறாரு."

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அட்டவணையை நான் பிறகு தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. நான் போயிருந்தால் கட்டணம் குறைந்திருக்குமா? பெரும்பாலும் குறைந்திருக்காது. ஆனால் அத்தனை பேர் நடுவில் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை.

அன்று மாலை செல்வராணி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம். "சோறு துன்னாத. இத்த சூடா குடி, ஜுரம் ஓடிடும்" என்றார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த ரசத்தைக் குடித்தேன்.

மேலும் ஒன்றரை வருடம் கொட்டகையை நடத்தினார். பெரிய ஆலை ஒன்று அவரைவிடக் குறைந்த விலைக்குச் செய்து கொடுக்கத் தொடங்கியதும் கதவு வேலைகள் அங்கே போய்விட்டன. மூடுவதற்கு முன் நான்கு பெண்களுக்கும் தானே அலைந்து வேறு வேலை பார்த்துக் கொடுத்தார். அடுப்பைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று நான் உதவிக்குப் போனேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். "பாத்து தூக்குண்ணா, கைய கிழிச்சிக்காத" என்று அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பின் மறுமுனையைத் தூக்கினேன்.

சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார் என்று தெரிந்ததும் காத்திவாக்கம் வீட்டுக்குப் போனேன். இந்த முறை சொல்லியே தீருவது என்ற முடிவோடு போனேன். முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"பட்டறை ஓடுதாண்ணா?"

"ஓடுது ராணிம்மா."

"நெஜமா ஓடுதா? எனக்காக சொல்லாத."

"கொஞ்சம் பேஜாருதான். ஒரு ஆளைக் குறைச்சுட்டேன்."

"அத்த சொல்லு. உக்காரு, இன்னா பண்லாம்னு பாக்கலாம்" என்று எழுந்து உட்கார முயன்றார். தீபா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அந்த நிலையில் இருந்தவரிடம் என் பாரத்தை இறக்கி வைக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பினேன். அடுத்த வாரம் தீபாவின் அழைப்புத்தான் வந்தது.

செல்வராணியைத் தெரிந்த உங்களிடம் இப்போது சொல்கிறேன். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். இப்போதெல்லாம் சந்தில் யாரைப் பார்த்தாலும் "பட்டறை ஓடுதா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் "ஓடுது" என்றுதான் சொல்கிறார்கள். சொல்வதற்குள் கொஞ்சம் தயங்கினால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்கிறேன்.