அப்பா போய்விட்டார் என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்

கம்பெனி வேனில் போய்க்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பக்கத்தில் இருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, நம்ம சீரியல் அப்பா போயிட்டாருங்கக்கா" என்றாள். வேனில் பாட்டுப் போட்டிருந்த டிரைவர் அவராகவே அதை நிறுத்தினார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். ஓவர்டைம் இருந்தால் சீரியல் பார்க்க முடியாது. பார்த்தவர்கள் மறுநாள் டீ டைமில் கதை சொல்லியாக வேண்டும், அது எங்கள் லைனில் சட்டம். கதாநாயகி அழுததையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்பா என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

மூன்று பெண்களைப் பெற்ற அப்பாவாக நடித்தார் அவர். மகள் எத்தனை தாமதமாக வீட்டுக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார். மூடி வைத்திருக்கும் சோற்றை எடுத்து வைத்து, "மொதல்ல சாப்பிடு கண்ணு" என்பார். அவ்வளவுதான்.

வேனிலேயே நான் ஸ்டேட்டஸ் வைத்தேன். போட்டோ போட மனம் வரவில்லை, எந்தப் போட்டோவிலும் அவர் அவராக இல்லை. கறுப்புப் பின்னணியில், "அப்பா, இப்படி எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மட்டும் எழுதினேன். கம்பெனிக்குள் போன் கூடாது. வழக்கம்போல அணைத்து லாக்கரில் வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

டீ டைமில் யாரும் வடையைத் தொடவில்லை. செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா, கல்யாணமான புதிதில் தாராபுரத்துத் தியேட்டரில் அவருடைய படம் பார்த்த கதையைச் சொன்னார். அப்போது அவர் கதாநாயகனுக்குச் சிநேகிதனாக வருவாராம். சைக்கிளோடு வாய்க்காலில் விழுவாராம். "அந்த ஒரு சீனுக்காகத் திரும்பத் திரும்பப் போனனுங்க. எங்கூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடிவதற்குள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருத்தி எங்கள் லைனில் உண்டு. தமிழ் கற்றதே அந்தச் சீரியலைப் பார்த்துத்தான். வணக்கம் சொல்வதைப் போன்றது என்று நினைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜரைப் பார்த்து "மொதல்ல சாப்பிடு கண்ணு" என்றுவிட்டாள். அவர் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு அவள் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே சொல்றதுக்கு ஆள் இல்ல" என்றாள். நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன்.

என்னைப் பெற்ற அப்பா பொங்கலூரில் நல்லபடியாகத்தான் இருந்தார். பேச்சுவார்த்தைதான் இல்லை. தெற்கத்திப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவரை நான் விரும்பிக் கட்டிக்கொண்டேன். "எனக்கிருந்தது ஒரே புள்ள, அதும் செத்துப்போச்சு" என்று அப்பா சொந்தபந்தம் முன்னால் சொல்லிவிட்டார். ரோஷம் அவருக்கு மட்டும்தான் சொந்தமா? நானும் போகவில்லை. பையன் பிறந்தபோது மட்டும், வந்துவிடுவார் வந்துவிடுவார் என்று ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். வரவில்லை.

வெட்கமென்ன, சொல்லிவிடுகிறேன். டிவி முன்னால் தட்டோடு உட்கார்ந்து, சீரியல் அப்பா "சாப்பிடு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் முதல் வாய்ச் சோற்றை எடுப்பேன். யாரோ எழுதிக் கொடுத்த வசனம், யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார், எல்லாம் தெரியும். இருந்தாலும் அது எனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வேன். அந்தக் குரலும் இனி இல்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் லாக்கரிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தேன். பார்த்தால் மிஸ்டு கால் மெசேஜாகக் குவிந்து கிடக்கிறது. சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லை. என்னவோ ஏதோ என்று பதறும்போதே போன் அடித்தது. திரையில் "அப்பா" என்று வந்தது.

எடுத்தேன்.

"பல்லடத்துல இருந்து உங்கத்தை ஒப்பாரி வெச்சுட்டே வந்து எறங்கியிருக்குது" என்றார். அதே குரல், அதே கோபம். "மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டு இருக்கறேன், எம்பட கழுத்தக் கட்டீட்டு அழுவுது. நாஞ் செத்துட்டேன்னு போன்ல போட்டயாமா?"

"ஐயோ சாமி! உங்களையில்லீங்கப்பா! அது டிவில வர்ற அப்பாங்க!"

"டிவில வர்றவனெல்லாம் உனக்கு அப்பனா?"

எனக்கும் சுருக்கென்றது. "அவராச்சும் தெனமும் சாப்பிடச் சொன்னாருங்க. நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் அத்தை மூக்கைச் சிந்துவது கேட்டது.

"நெசமாவே செத்திருந்தா வந்திருப்பியா?" என்றார்.

"என்னங்கப்பா இப்படிக் கேக்கறீங்க? ஓடி வந்திருப்பனுங்க."

"பொணத்தப் பாக்க ஓடி வருவே. உசுரோட இருக்கறவனப் பாக்க உனக்கு பஸ்சு கெடைக்கல."

"நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே அப்பா. அதுக்குத்தான இத்தன நாளும் ஏங்கீட்டுக் கெடக்கறேன்" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கேண்டீனே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

ஒருவழியாக அழுது முடித்தேன். பிறகு, "ஞாயித்துக்கெழம லீவுதான?" என்றார்.

ஷிப்மெண்ட் இருக்கிறது, ஞாயிறும் எல்லோரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"லீவுதானுங்கப்பா" என்றேன்.

"பையனக் கூட்டீட்டு வா."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. என் வீட்டுக்காரரை ஒரு நாளும் பேர் சொன்னவரில்லை அப்பா. கல்யாணத்தின்போதும் 'அந்தப் பையன்' என்றுதான் சொன்னார்.

"எந்தப் பையனுங்கப்பா?" என்றேன்.

"ரெண்டு பேத்தையுந்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.