இருபத்துமூன்றாம் எண் வில்லை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான், நீங்கள் இல்லை.

1986 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. ரீம்ஸ் நகரில் ஒரு ஷாம்பெயின் நிலவறையில் எனக்கு வேலை. வண்டல் கழுத்துக்கு இறங்குவதற்காக, சாய்த்து வைத்த புட்டிகளை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு புட்டி. டக்-டக். டக்-டக்.

இறங்கும்போது, கதவுக்கு வெளியே பலகையில் தொங்கும் அவரவர் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவோம். எல்லா வில்லையும் வந்து சேர்ந்தால்தான் மேஸ்திரி ஃபெர்னான் கதவைப் பூட்டுவார். என் எண் 23.

மறுநாள் அனைத்துப் புனிதர் திருநாள். கல்லறைக்குச் சாமந்தித் தொட்டி கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சீக்கிரமே பறந்துவிட்டார்கள். நான் மெதுவாகத்தான் வேலை செய்தேன். வில்லைதான் என் பையில் இருக்கிறதே, விட்டுவிட்டா பூட்டுவார்கள்?

மாலை 4.32. விளக்கு அணைந்தது. மேலே இரும்புக் கதவு சாத்துகிற சத்தம்...

டார்ச்சை எடுத்துக்கொண்டு 116 படியும் ஓடி ஏறினேன். பூட்டியாகிவிட்டது. கை வீங்கும்வரை தட்டினேன். இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள். உள்ளே பத்து டிகிரி குளிர். என் மேல் மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான். வீட்டிலும் நான் தனி ஆள், தேட நாதியில்லை. இங்கேயே விறைத்துச் சாகப்போகிறேன் என்று அழுதேன்.

4.50. கீழே... டக்.

யாரோ புட்டி திருப்புகிறார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"ரெமி, நீயாடா? நானும் மாட்டிக்கிட்டேன்" என்று, கூட வேலை செய்கிற பையன் என்று நினைத்துக் கத்தினேன்.



டக்... டக்...

அப்போதுதான் உறைத்தது. இரட்டைச் சத்தம் இல்லை. ஒற்றை. ஒரே கை.

சத்தம் படியின் அடிக்கு வந்தது. பிறகு பத்தாவது படிக்கு. படியில் ஏது புட்டி?

டக்...

டார்ச் மங்கியது. கதவோடு ஒட்டிக்கொண்டேன். ஈரமண் வாடை.

டக்.

என் காலடியில்.

கதவு திறந்தது. 5.20. மறந்துபோன பூந்தொட்டியை எடுக்க ஃபெர்னான் திரும்பி வந்திருந்தார். அவர் மேலேயே போய் விழுந்தேன். பின்னால் படி காலியாகக் கிடந்தது.

"என்னம்மா இது? உன் வில்லை பலகையில தொங்குச்சே. எண்ணிப் பாத்துட்டுத்தானே பூட்டினேன்."

பையிலிருந்து என் வில்லையை எடுத்துக் காட்டினேன். பலகையிலும் ஒரு 23 தொங்கியது. கறுத்திருந்தது. மண் ஒட்டியிருந்தது.

ஃபெர்னான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  1917-இல் லியோனி என்று ஒருத்தி இருந்தாளாம், அவள் எண்ணும் 23. குண்டுவீச்சில் வலக்கை போனபிறகும் ஒற்றைக் கையாலேயே புட்டி திருப்பியவள். இதே திருநாளுக்கு முந்தின நாள், வில்லையை எடுக்க மறந்து இறங்கிவிட்டாள். பலகை நிறைந்திருந்ததால் கதவைப் பூட்டிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திறந்தபோது மேல்படியில், கதவோடு ஒட்டிக் கிடந்தாளாம். பூட்டியவர் ஃபெர்னானின் அப்பா. அந்தப் பூந்தொட்டி வருஷாவருஷம் அவள் கல்லறைக்குத்தான் போகிறது.

"அப்ப இந்த வில்லை?" என்றேன்.

அவர் அதைத் தொடவில்லை.

"அவ கையிலயே வச்சுத்தான் புதைச்சாங்க."