ஈரத்துக்குக் கழித்த எடை

தலையணை உறைக்குள் ஒரு பாம்பைப் போட்டுக்கொண்டு என் புருஷன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அறை வாசலில் வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்த ஏச்சு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. மனுஷன் றொசல்லைப் பக்கம் ஒரு விருந்தினர் பங்களாவில் சமையல் வேலை பார்க்கிறார். அங்கே மேனேஜராக இருந்தவர் வெளிநாடு போகிறாராம். அவர் நாலு வருஷமாக வளர்த்த மலைப்பாம்பை எடுத்துக்கொள்ள ஆளில்லை. இவர் கையை நீட்டிவிட்டார்.

"விஷம் இல்ல. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அவ்வளவுதான்" என்றார்.

"சுருண்டுக்க இங்க எடம் ஏது? நாமளே சுருண்டுதான் படுக்கிறோம்" என்றேன்.

மறுநாள் ஹட்டனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஆட்டோவில் உறையை மடியில் வைத்துக்கொண்டது நான்தான். அதற்குக் குளிர் ஆகாது என்றார்கள். என் சால்வையைப் போர்த்திவிட்டேன். வழி நெடுக ஏசிக்கொண்டேதான் போனேன்.

வைத்தியர் சிங்களவர், நன்றாகத் தமிழ் பேசுவார். பாம்பின் வாயைத் திறந்து ஈறு பார்த்தார். கண்மேல் பழைய தோல் ஒட்டியிருக்கிறதா, செதில்களுக்கு நடுவே உண்ணி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். மூச்சில் சத்தம் வருகிறதா என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார்.

"ஆண் பாம்பு. இப்போதைக்கு நோய் ஒண்ணும் தெரியல. ஆனா மெலிஞ்சிருக்கு. இந்தக் குளிருக்கு நெஞ்சுல சளி கட்டுனா தாங்காது. கிழமைக்கு ஒருக்கா நிறுத்து எழுதுங்க. எடை எறங்குனா உடனே கொண்டுவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இவர் பாம்பை உறையோடு சமையல் தராசில் நிறுத்தார். காய்ந்த உறையை முதல் நாளே தனியாக நிறுத்து வைத்திருந்தார். அந்த எடையைக் கழித்து கலண்டரில் எழுதுவார். வாரா வாரம் கொஞ்சம் கூடியது. "ஏறுது பாத்தியா" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

நாலாவது ஞாயிறு. மூன்று வாரமாக விடாத மழை. இவர் பேனா தேடப் போனதால், தராசிலிருந்து உறையை நான் தூக்கினேன். தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. உறை ஈரம். இவர் வாரா வாரம் துவைத்து அடுப்புக்கு மேலே போடுகிறார். இந்த மழையில் அது எங்கே காயும்?

இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறேன். ஈரச் சாக்கு எப்படிக் கனக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தண்ணிக்கென்று ரெண்டு கிலோ கழிப்பார். வெயில் நாளிலும் பழக்கதோஷத்தில் கழிப்பார். அதற்காக அவரோடு நான் போடாத சண்டை இல்லை.

"வெறும் உறைய நிறுத்துப் பாருங்க" என்றேன்.

நிறுத்தார். முகம் செத்துப்போய்விட்டது. ஈரத்தைக் கழித்தால் பாம்பு ஏறவே இல்லை. முதல் வாரத்தைவிட இறங்கியிருந்தது.

"நானே கொன்னுட்டேனா?" என்றார்.

"இன்னும் சாகல. ஆட்டோவுக்குச் சொல்லுங்க."

வைத்தியர் வீட்டுக்கே போய் நின்றோம். சளி கட்டத் தொடங்கியிருந்தது. ஊசி போட்டார். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் பிழைத்திருக்காது என்றார். எடைப் பிழையை யார் கண்டுபிடித்தது என்றும் கேட்டார்.

இவர் என்னைக் காட்டினார். "கொழுந்து எடுக்கிறவங்க, டொக்டர். இவங்ககிட்ட எந்தத் தராசும் பொய் சொல்ல ஏலாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னைப் பற்றி அடுத்தவரிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போது ஏசவே இல்லை.

மூன்று மாதமாகிறது. இப்போது நிறுப்பது நான். பிளாஸ்டிக் பேசினைத் தராசில் வைத்து, பூச்சியமாக்கிவிட்டு, அவனைத் தூக்கி உள்ளே விடுகிறேன். போன ஞாயிறு ஆயிரத்து நானூறு கிராம். நல்ல தடியன்.

இவர் பேனாவோடு நின்றார். "இதுல எவ்வளவு கழிக்க?"

"ஒண்ணும் கழிக்காதீங்க" என்றேன். "அவ்வளவும் அவனோடதுதான்."

பேனாவை வாங்கி நானே எழுதினேன்.