திருப்பிக்கொண்ட முகம்

ஜிம்னாஸ்டிக்ஸில் அந்தக் கையகலக் கட்டையின் மேல் பிளாஷெனாவைப் போலத் துள்ளியவள் எங்கள் ஊரில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பீர் ஆலையில் பீப்பாய் கழுவுகிறவரின் மகள். பகலில் தையல், மாலையில் சொக்கோல் என்ற உடற்பயிற்சிச் சங்கத்தின் கூடத்தில் பயிற்சி. எதிர்வீட்டுக்காரன் நான்; ஜன்னலில் அவளைப் பார்த்துப் பார்த்தே என் சூப் ஆறிப்போகும்.

கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைப் பிடித்த வருடம், எல்லா ஊர்க் கூடங்களும் தலைநகர் பிராகாவில் அணிவகுத்தன. மேடையைக் கடக்கும்போது புதுத் தலைவரைப் பார்த்து வாழ்க என்று முழங்குவதுதான் முறை. எங்கள் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. வரிசையோடு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிளாஷெனாவும்தான் திருப்பினாள்.

அப்புறம் விசாரணை வைத்தார்கள். உலகப் போட்டிக்கு அவள் தேர்வாகியிருந்த நேரம் அது. திருப்பியதை ஒப்புக்கொண்டால் போட்டி கிடையாது. தான் மட்டும் மேடையைத்தான் பார்த்ததாகவும் மற்றவர்கள் திரும்பியதாகவும் சொல்லிவிட்டாள். அணிவகுப்பில் அவள் பக்கத்தில் நடந்த ஒத்திலிக்கு ஆசிரியை வேலை போயிற்று. செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள்.

பிளாஷெனா தங்கப் பதக்கத்தோடு வந்து இறங்கினாள். ரயிலடியில் ஒரு ஈ காக்கை இல்லை. மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனபோது, வரிசையில் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேர்ந்து பயிற்சி செய்த உடம்புகள் அல்லவா. கடைசியில் ஊரே அதைப் பழகிக்கொண்டது. போதும் விடுங்களேன் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நானும் என் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். கூடத்தையும் கட்சி பூட்டித் தானியக் கிடங்காக்கியது. அந்த ஒரு பதக்கத்தோடு அவள் ஆட்டம் முடிந்தது. கல்யாணமும் இல்லை.

நாற்பது வருடம் கழித்துக் கட்சி போனது, கூடம் திறந்தது. ஒத்திலியே ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டாள். கசகசா வைத்த கொலாச் ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு, கிழவிகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். பிளாஷெனா கைத்தடியோடு வந்தாள். பேச்சுக்குரல் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

"ஏண்டி, இங்க பாருடி," என்றாள் ஒத்திலி.

"நீங்க திரும்புறதுக்கு முன்னாடி நானே திரும்பிக்கிறேன்க்கா. பழகிடுச்சு."

ஒத்திலி அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. பார்வை அடியோடு இல்லை. எப்போது போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் முகத்தை யார் பார்த்தோம்?